வேலந்தாவளம் முதல் முதலமடை வரை: முகாம் முடிந்த பிறகு வந்த கேள்விகள்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எங்கே பார்த்தாலும் மருத்துவ முகாம் பேனர் தொங்குகிறது. போய்வந்தவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

முகாமில் விரலில் குத்திப் பார்த்து சுகர் 168 என்றார்கள். இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். மாமியாரின் சர்க்கரை மாத்திரை வீட்டில் இருக்கிறது. இப்போதைக்கு அதில் பாதி போட்டுக்கொள்ளட்டுமா? வயது 44. (வேலந்தாவளம்)

வேண்டாம். மாமியார் மாத்திரை மாமியாருக்கே இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு வந்த 168-ஐ மட்டும் வைத்துச் சர்க்கரை நோய் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. விரலில் குத்துவது, யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்கத்தான். முடிவு சொல்ல முழங்கை மடிப்பில் எடுக்கும் ரத்தம் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணி நேரம் வெறும் தண்ணீரோடு இருந்து காலையில் கொடுங்கள். கட்டன்சாயாவும் கூடாது. ‘சர்க்கரை போடாமத்தானே குடிச்சேன்’ என்று வாரத்துக்கு நாலு பேராவது சொல்கிறார்கள்.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 126-ஐத் தொட்டால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் அந்தக் கோடு 6.5. வெறும் வயிற்றுச் சோதனையில் நடுவில், 100 முதல் 125 வரை வந்தால் கலங்க வேண்டாம். அங்கே பிடிபட்டால்தான் முகாமுக்குப் போனதற்கே லாபம். எடையைக் கொஞ்சம் இறக்கி, தினமும் அரை மணி வேகமாக நடந்து சர்க்கரை நோயைப் பல வருஷம் தள்ளிப்போட்டவர்கள் உண்டு.

மாங்காய் லோடு ஏற்றுகிறேன். வெற்றிலை, புகையிலை பழக்கம் பல வருஷமாக. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கிறது, பெரிய ஆசுபத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் பல் டாக்டர். வலியே இல்லை. போகத்தான் வேண்டுமா? (முதலமடை)

இந்த வாரமே போங்கள் தம்பி. இந்தத் திட்டுகள் ஆரம்பத்தில் வலிக்காது. காரம் பட்டால் எரிவதும், வாயை முழுசாகத் திறக்க முடியாமல் போவதும் பின்னால்தான் வரும். எல்லாத் திட்டும் புற்றாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சந்தேகப்பட்டால் சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்வார்கள். சிவப்புத் திட்டானாலும், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணானாலும் அவசரம் இன்னும் அதிகம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் முடிவு வெளியானது. நல்ல வெளிச்சமும் கண்ணும் போதும், பெரிய மெஷின் தேவைப்படவில்லை. சந்தேகம் வந்தவர்களை மேல்சோதனைக்கு அனுப்பியதும் அதில் சேர்த்திதான். உங்கள் கையில் இருப்பதும் அதே மாதிரிச் சீட்டுதான். அப்புறம், புகையிலையை இன்றைக்கே துப்பிவிடுங்கள்.

899 ரூபாய்க்கு எழுபது சோதனை, கேன்சர் மார்க்கரும் (ரத்தத்தில் கேன்சரின் அடையாளம் தேடும் சோதனை) சேர்த்து என்கிறார்கள். எடுக்கலாமா? (கொழிஞ்சாம்பாறை)

எடுக்க வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாதவருக்குக் கேன்சர் கண்டுபிடிக்க ஏற்பட்டவை அல்ல பெரும்பாலான மார்க்கர்கள். எழுபது சோதனை செய்தால் ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்டத்தான் செய்யும். அதன் பின்னால் ஸ்கேன், மேல்சோதனை என்று அலைச்சல்தான். முப்பது தாண்டியவருக்குப் பிரஷர், சுகர், வாய்ப் பரிசோதனை, பெண்களுக்குக் கூடவே மார்பும் கர்ப்பப்பை வாயும். சர்க்கார் மையத்தில் இதற்குப் பணம் வேண்டாம்.

பொள்ளாச்சி முகாமில் பிரஷர் 152/94. வீடு கோவிந்தாபுரம், கேரள ரேஷன் கார்டு. அந்தச் சீட்டை இங்கே எடுப்பார்களா?

தாராளமாகக் காட்டுங்கள். எப்படியும் குடும்ப ஆரோக்கிய மையத்தில் புதிதாக அளப்பார்கள், அளக்கவும் வேண்டும். வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, பேசிக்கொண்டே கையை நீட்டினால் யாருக்கும் பிரஷர் ஏறும். அரை மணி முன்பிருந்தே டீ, பீடி வேண்டாம். ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வேறு வேறு நாட்களிலும் 140/90-க்குக் குறையாமல் நின்றால் சிகிச்சை. மாத்திரையை ஒரே இடத்தில் வாங்குங்கள். எல்லையின் இரண்டு பக்கமும் வாங்கி, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கித் தலைசுற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆஷா சேச்சி (எங்கள் ஊர் சுகாதாரப் பணியாளர்) கர்ப்பப்பை வாய் சோதனைக்குக் கூப்பிடுகிறார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, கூச்சமாக இருக்கிறது. வயது 36. (எருத்தேம்பதி)

தொந்தரவு இல்லாதவர்களுக்குத்தான் அம்மா இந்தச் சோதனை. 30 முதல் 65 வயது வரை, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கச் செய்து தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை என்றாலே புற்று இல்லை, மேல்சோதனை வேண்டும் என்று மட்டும் பொருள். பெண் நர்ஸ் வேண்டும் என்று ஆஷாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். உறவுக்குப் பிறகோ, மாதவிலக்கு நின்ற பிறகோ ரத்தம் பட்டால் மட்டும் முகாமுக்குக் காத்திருக்காமல் நேரே மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள்.