வறட்சி தாங்கும், ஐப்பசி தாங்காது: நீல முள் உருண்டைச் செடி குறித்து வாசகர் கேள்விகள்

முள்ளிலையும் நீல உருண்டைப் பூவுமாக இருக்கும் எகினாப்ஸ், அதன் சாயலில் உள்ள எரிஞ்சியம் ஆகிய அழகுச் செடிகள் பற்றிச் செட்டிநாட்டுப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

விதை உறையில் "முழு வெயில், குறைந்த நீர், உரம் வேண்டாம்" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் எகினாப்ஸ் நம் செம்மண் பூமிக்கென்றே பிறந்த செடிதானே?
– வாசகர், கானாடுகாத்தான்

அந்த மூன்றும் உண்மை. உறையில் போடாத இரண்டு விஷயங்கள்தான் இங்கே தொல்லை. எகினாப்ஸ் ரிட்ரோ என்ற இந்தச் செடியின் தாயகம் தென் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும். குளிர்காலத்தில் இலையெல்லாம் கருகித் தரையோடு அடங்கிக் கிடந்து, வெயில் ஏறும்போது மறுபடி துளிர்க்கும் பல்லாண்டுச் செடி அது. ஆழமாக இறங்கும் ஆணிவேர் இருப்பதால் தண்ணீர் இல்லாமல் வாரக்கணக்கில் நிற்கும்.

நம் பக்கம் தை மாத இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே அதற்கு வேண்டிய ஓய்வு கிடைப்பதில்லை. இது முதல் சிக்கல். இரண்டாவது மழை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டிவிடுகிறது. வறண்ட மண்ணுக்குப் பழகிய வேர், ஈரம் வடியாத மண்ணில் ஒரு வாரம் நின்றாலே அழுகத் தொடங்கும். செடி சாவது சித்திரை வெயிலில் அல்ல, அடைமழையில்தான். தொட்டியில் வைத்து, மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்குள் நகர்த்த முடிந்தவர்கள் முயலலாம். தரையில் நட்டுவிட்டு மறந்துபோக நினைப்பவர்களுக்கு இது வேண்டாம்.

சித்திரையில் ஒரு பாக்கெட் விதை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. போலி விதையா?
– வாசகி, தேவகோட்டை

விதையைக் குறை சொல்வதற்கு முன் மாதத்தைப் பாருங்கள். எகினாப்ஸ் விதை முளைக்க மண்ணின் வெப்பம் 18 முதல் 22 டிகிரி இருந்தால் நல்லது. சித்திரையில் மேல்மண் அதைவிட வெகுவாகச் சூடேறிக் கிடக்கும். மார்கழி முதல் தேதியிலிருந்து தை நடுப்பகுதி வரைதான் நமக்குள்ள வாய்ப்பு.

விதைக்கும் கலவை: சலித்த செம்மண் 2 பங்கு, கழுவிய பருமணல் 2 பங்கு, பொடித்த செங்கல் 1 பங்கு. தேங்காய் நார்க்கழிவு சேர்க்காதீர்கள், அது ஈரத்தை விடாது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் சுண்ணாம்புக் காரை கிடைத்தால் பொடித்து, ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி போடலாம். சரளை கலந்த நம் செம்மண் பல இடங்களில் சற்றே புளிப்புத் தன்மை உடையது. இந்தச் செடிக்குச் சுண்ணாம்பு கலந்த மண் ஒத்துப்போகும். பெயின்ட் ஒட்டிய துண்டுகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காகிதக் கோப்பைக்கு இரண்டு விதையாக, அரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் போடுங்கள். கோப்பையின் அடியில் நாலைந்து ஓட்டை வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை இடம் பெயரும். கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் கால் மணி நேரம் வைத்து எடுத்தால் மண் அடியிலிருந்து நனையும். காலை வெயில் மட்டும் படும் இடம் போதும். முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பத்தாம் நாளே கிளறிப் பார்க்க வேண்டாம். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் ஆடிவிடும்.

மூன்று நான்கு நிஜ இலை வந்ததும் கோப்பையைக் கிழித்து, மண் உதிராமல் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தோடு நிறுத்துங்கள். ஆணிவேர் உடைந்த செடி பிழைத்தாலும் குன்றிப்போகும். தொட்டி குறைந்தது 35 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். வாய் அகன்ற, ஆழமில்லாத தொட்டி பார்வைக்கு நன்றாக இருக்கும், வேருக்கு ஆகாது.

பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். அதாவது, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் நீங்கள் தாண்டவைக்க வேண்டும். முதல் ஆண்டு பூக்கவில்லையே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

புரட்டாசி வரை கம்பீரமாக நின்ற செடி, கார்த்திகையில் இரண்டே நாளில் தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றினேன், இன்னும் மோசமானது.
– வாசகர், புதுவயல்

வாடிய இலையைப் பார்த்ததும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுதான் எல்லோரும் செய்வது. மழைக்காலத்தில் வாடினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது என்றால் வேர் தண்ணீரை எடுக்கவில்லை என்று பொருள்.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் கிளறிப் பாருங்கள். வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளரோஷியம் ரோல்ஃப்சி என்ற பூஞ்சையால் வரும் தண்டழுகல். நிலக்கடலை வயல்களில் பார்த்திருப்பீர்கள், அதே பூஞ்சைதான். அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செடியை வேரோடும் சுற்று மண்ணோடும் எடுத்து வெளியே அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடக் கூடாது. அந்தத் தொட்டி மண்ணை வேறு செடிக்கும் பயன்படுத்தாதீர்கள். பக்கத்துத் தொட்டிகளுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தண்டின் அடியில் ஊற்றலாம். கையுறை அவசியம். இது பரவாமல் தடுக்கும். விழுந்த செடியை எழுப்பாது.

நூலும் உருண்டையும் இல்லாமல் வேர் மட்டும் கறுத்துக் கொழகொழவென்று இருந்தால், தண்ணீர் தேங்கியதால் வந்த வேரழுகல். தொட்டிக்குக் கீழே வைத்திருக்கும் பீங்கான் தட்டுதான் பல வீடுகளில் காரணம். மழைக்காலத்தில் தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை மூன்று செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். நடும்போதே தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சிறு ஜல்லி பரப்பிவிட்டால் ஈர மண் தண்டைத் தொடாது. புரட்டாசி கடைசியில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோங்கள். வளவின் நடு முற்றம் மட்டும் வேண்டாம். நாலு கூரைத் தண்ணீரும் அங்கேதான் விழும்.

மண்புழு உரம், சாணம், மீன் அமிலம் எல்லாம் கொடுத்தேன். இடுப்பளவு வளர்ந்து சாய்ந்து கிடக்கிறது. மொட்டு இல்லை.
– வாசகி, காரைக்குடி

மீன் அமிலத்தை மல்லிகைக்குக் கொடுங்கள்! தழைச்சத்து ஏறினால் இந்தச் செடி இலையும் நீளத் தண்டும்தான் போடும்; தண்டு கனம் தாங்காமல் மடியும். ஆண்டுக்கு ஒருமுறை, மாசியில், நன்கு மக்கிய தொழுவுரம் தொட்டிக்கு ஒரு கைப்பிடி போதும். வேர் பிடித்த செடிக்குக் கோடையில் வாரம் ஒருமுறை தொட்டி நனைந்து அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். தினம் ஒரு செம்பு ஊற்றினால் மேல்வேர்தான் வளரும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவான வெயிலில் நின்றாலும் இதேபோல் சாயும். இப்போது சாய்ந்ததை மூங்கில் குச்சியில் கட்டி வைத்து, உரத்தை அடியோடு நிறுத்துங்கள்.

எரிஞ்சியம் பூ படத்தில் தண்டுவரை நீலமாக இருக்கிறது. இங்கே வளர்த்தால் அந்த நிறம் வருமா?
– வாசகர், கோட்டையூர்

வராது. கொத்தமல்லி, கேரட் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடிக்கு நீலம் ஏற நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வேண்டும். அதன் பல வகைகள் ஒரு குளிர்காலத்தைக் கடக்காமல் பூக்கவே பூக்காது. விதையை ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்து முளைக்கவைக்கலாம். ஆனால், அதன்பின் வளரும் செடிக்கு யார் குளிர் கொடுப்பது? கொடைக்கானலிலோ ஊட்டியிலோ வீடு இருந்தால் அங்கே வையுங்கள். இதே பேரினத்தில் நம் வெப்பத்தைத் தாங்கும் உறவு ஒன்று உண்டு: கேரளத்தில் சமையலுக்கு வளர்க்கும் ஆப்பிரிக்க மல்லி. அது நிழலும் ஈரமும் கேட்கும், நீலமாகவும் பூக்காது.

தொட்டியைத் தூக்கி இறக்க ஆளில்லை. மதில் ஓரம் தரையில் வைத்துவிடும்படி, முள்ளும் பூவுமாக ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகி, பள்ளத்தூர்

செம்முள்ளி. வெளியூர் விதைக்குச் செலவழிக்கும் முன் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பார்லேரியா பிரியோனிட்டிஸ் என்பது தாவரப் பெயர். கணுவுக்குக் கணு கூரிய முள், மஞ்சளும் காவியும் கலந்த பூ, மூன்று நான்கு அடி உயரம். டிசம்பர் பூவுக்கு நெருங்கிய உறவு. ஆணிவேர் ஆழமாகப் போவதால் கோடையில் இலை உதிர்த்துக் காய்ந்ததுபோல் நின்றாலும் முதல் மழைக்குத் துளிர்க்கும். மழைக்காலமும் இதற்குப் பழகியதுதான்.

ஆடி, ஆவணியில் பென்சில் கனத் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மணல் கலந்த பையில் நட்டு நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். புரட்டாசியில் ஓரடிக் குழி எடுத்து, எடுத்த மண்ணோடு ஒரு சட்டி மக்கிய எரு கலந்து, இரண்டடி இடைவெளியில் நடுங்கள். செம்பூராங்கல் பாறை மேலாகவே தட்டுப்பட்டால் குழி தோண்டி நிரப்பாதீர்கள். பாறையில் வெட்டிய குழி மழையில் தொட்டிபோல் நீர் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஓரடி உயர மேடு கட்டி அதன்மேல் வையுங்கள்.

பூத்து ஓய்ந்ததும், மாசி வாக்கில், ஓரடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் அடியில் மொட்டையாகவும் மேலே புதராகவும் நிற்கும். காய் முற்றினால் வெடித்து விதையை எறியும், கண்ட இடத்திலெல்லாம் முளைக்கும். அது வேண்டாம் என்றால் காய் பச்சையாக இருக்கும்போதே வெட்டுவது நல்லது. குழந்தைகள் ஓடும் நடையோரம் இதை வைக்காதீர்கள்.

உருண்டைப் பூதான் வேண்டும், முள் வேண்டாம் என்றால் வாடாமல்லி இருக்கவே இருக்கிறது.

ஊருணிக் கரையில் நீலம் பாய்ந்த முள்ளிலையோடு மஞ்சள் பூச் செடி தானாக வளர்கிறது. இதுவும் எகினாப்ஸ் இனமா? வீட்டில் வைக்கலாமா?
– வாசகர், நாட்டரசன்கோட்டை

அது பிரம்மதண்டு. கசகசாச் செடியின் குடும்பம், மெக்சிகோ பக்கமிருந்து வந்த களை. ஒடித்தால் மஞ்சள் பால் வரும். விதை நஞ்சு, 1998இல் டெல்லியில் பலர் உயிரிழந்த, உடல் வீங்கும் நீர்க்கோவை (டிராப்ஸி) நோய்க்குக் காரணம் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்திருந்ததுதான். விதை கடுகைப் போலவே கறுத்து உருண்டையாக இருப்பதால் வீட்டருகே விட வேண்டாம். பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

எகினாப்ஸ் பூவைக் காயவைத்து முகப்பில் வைக்க எப்போது பறிக்க வேண்டும்? காய்ந்ததும் உதிர்ந்துவிடுகிறது.
– வாசகி, ஆத்தங்குடி

தாமதமாகப் பறிக்கிறீர்கள். உருண்டை முழுதும் நிறம் ஏறி, சின்னப் பூக்கள் இன்னும் விரியாத கட்டம்தான் சரி. உச்சியில் ஒரு பூ விரிந்துவிட்டாலும் அன்றே வெட்டிவிடுங்கள். அதற்குமேல் போனால் காய்ந்தபின் பொலபொலவென்று கொட்டும். பனி காய்ந்த பிறகு, காலையில், நீளத் தண்டோடு வெட்டி, இலைகளை உருவி, ஐந்தைந்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இருட்டும் காற்றோட்டமும் உள்ள அறையில் இரண்டு மூன்று வாரம் ஆகும். வெயிலில் போட்டால் நீலம் வெளுத்து வைக்கோல் நிறமாகும். காய ஆரம்பித்ததும் காம்பு சுருங்கிக் கட்டு நழுவும் என்பதால் நூலுக்குப் பதில் ரப்பர் பேண்ட் போடுங்கள்.

லண்டனில் இருக்கும் மகன் தபாலில் விதை அனுப்பட்டுமா என்கிறான்.
– வாசகர், குன்றக்குடி

வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, வெளிநாட்டு விதைக்கு அந்த நாட்டு அரசின் தாவர நலச் சான்றும் இங்குள்ள இறக்குமதி அனுமதியும் வேண்டும். இரண்டும் இல்லாத உறையைச் சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். இந்திய விதை விற்பனையாளர்களிடம் வாங்கி, உறையின் பின்பக்கம் பொட்டலமிட்ட மாதத்தைப் பாருங்கள். பழைய இருப்பு என்றால் விட்டுவிடுங்கள்.