விக்கோனியாவுக்காக கோவப்படுறது தப்பா?

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம் வந்தப்போ பழைய ஃபேன்ஸ் நிறைய பேரு "இது பால்டர்ஸ் கேட்டே இல்ல, டிவினிட்டிக்கு பேர மாத்தி வெச்சிருக்காங்க"ன்னு திட்டினாங்களே, அதுல நியாயம் இருக்கா, இல்ல பழசையே பிடிச்சுத் தொங்குறாங்களா?

பதில்: நியாயம் இருக்குங்க. 1998ல பயோவேர் பண்ண முதல் கேமும் சரி, 2000ல வந்த ரெண்டாவதும் சரி, சண்டை பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், ஸ்பேஸ்பாரத் தட்டினா எல்லாரும் அப்படியே நிப்பாங்க, ஆறு பேருக்கும் ஆளுக்கொரு வேலையச் சொல்லிட்டு திரும்பத் தட்டினா மறுபடி ஓடும். மாயக்காரன் மந்திரம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிரி கிட்ட வந்துடுவானான்னு பார்த்துப் பார்த்து தட்டின விரலுங்க அது, இருபது வருஷமா அடுத்த பாகம் வரும் வரும்னு காத்திருந்தவங்க. 2020 பிப்ரவரில மூணாவது பாகத்த செஞ்ச லேரியன் கம்பெனி முதல் தடவை கேம ஓட்டிக் காட்டினப்போ ஆறு பேர் நாலு பேராயிட்டாங்க, சண்டை டர்ன் பை டர்ன், அதாவது ஆளுக்கொரு முறைன்னு ஆயிடுச்சு, பார்க்கவும் அவங்களோட முந்தின கேமான டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 மாதிரியே இருந்துச்சு. மனசு விட்டுப்போகாம என்ன செய்யும்?

ஆனா விளையாடி முடிச்சப்புறம் சண்டை விஷயத்துல நான் லேரியன் பக்கம்தான். பழைய கேம்லயும் உள்ளுக்குள்ள ஆறு ஆறு செகண்டா ரவுண்டு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, பகடை உருண்டுக்கிட்டுதான் இருந்துச்சு, நம்ம கண்ணுல படல, அவ்வளவுதான். இந்தக் கேமுக்கெல்லாம் மூலமான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ மேஜையச் சுத்தி உட்கார்ந்து ஆடுறப்போ ஆளாளுக்கு முறை வெச்சுத்தானே ஆடுறோம். இந்தக் கேம்ல ஒருத்தர்கிட்ட பேசி சமாதானம் பண்ணப் பார்க்குறீங்கன்னு வைங்க, இருபது முகம் இருக்குற பகடை ஸ்கிரீன் நடுவுல வந்து உருளுது, அது நிக்கிற வரைக்கும் மூச்சு விட மாட்டோம், 1 விழுந்துச்சுன்னா எவ்வளவு திறமை வெச்சிருந்தாலும் காரியம் கெட்டுச்சு. அந்த ஒரு நொடிக்காகவே நான் மன்னிச்சுட்டேன்.

ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது, ராத்திரி பகல் மாறுறதே இல்ல. பழைய கேம்ல ஊருக்குள்ள நடந்துக்கிட்டே இருப்போம், மெல்ல இருட்டும், விளக்கு எரியும். இதுல ராத்திரி வேணும்னா கேம்புக்குத்தான் போகணும்.

கேள்வி: என் ஃப்ரெண்டு ரெண்டாவது பாகத்தை பல தடவை முடிச்சவன். மூணாவது பாகத்துல பழைய கேம்ல கூட வந்த விக்கோனியாவ பார்த்ததும் கேம நிறுத்திட்டான், இன்னிக்கு வரைக்கும் திரும்பத் தொடல. ஒரு கேரக்டருக்காக இவ்வளவா?

பதில்: (கதை தெரிய வேணாம்னு நினைக்கிறவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுங்க.) உங்க ஃப்ரெண்டு பண்ணது எனக்கு நல்லாவே புரியுது. ரெண்டாவது பாகத்துல அவள எங்க பார்ப்போம்னு கேட்டுப் பாருங்க, டக்குனு சொல்லுவாரு. நடுத்தெருவுல கட்டி வெச்சு உயிரோட கொளுத்தப் போறாங்க, அவ எல்லாரும் வெறுக்கிற டுரோங்கிற எல்ஃப் இனம்ங்கிறது ஒண்ணுதான் அவ செஞ்ச குத்தம். நாம உள்ள புகுந்து சண்டை போட்டுக் காப்பாத்தினா கூட வருவா, வந்தும் சுலபத்துல யாரையும் நம்ப மாட்டா. காதல் கதையா கொண்டு போனா, அந்தப் பழைய கதைக்கு முடிவா, ரெண்டாவதோட இணைப்பா வந்த த்ரோன் ஆஃப் பால் பாகத்துல கெட்டவளா இருந்தவ கொஞ்சம் கொஞ்சமா மாறுவா. சாரெவோக்கும் அப்படித்தான், முதல் கேம்ல நம்ம வில்லன், அந்தக் கடைசி பாகத்துல நம்ம கூடவே வருவான், நாம பேசுற விதத்தப் பொறுத்து நல்லவனாவே ஆகலாம்.

இப்போ மூணாவதுல என்ன பண்ணிட்டாங்க? ஒரு சின்னப் பொண்ண அப்பா அம்மாகிட்டருந்து பறிச்சு, ஞாபகத்தையெல்லாம் அழிச்சு வளர்த்த கொடுமைக்காரியா விக்கோனியா நிக்கிறா. சாரெவோக் கொலைக் கடவுளுக்கு நீதிபதியா உட்கார்ந்திருக்கான். தன் கையால ஒருத்திய நெருப்புலருந்து இழுத்துட்டு வந்தவனுக்கு இதப் பார்த்தா எப்படி இருக்கும்!

காரணம் என்னன்னா உங்க ஃப்ரெண்டோட சேவ் ஃபைல்ல நடந்தது எதுவும் அவங்க கணக்குல கிடையாது. அந்த ஹீரோவுக்கு அப்டெல் ஏட்ரியன்னு ஒரு பேர வெச்சு, 2013ல வந்த, மேஜையில ஆடுற டேபிள்டாப் கதையில அவன் முடிவையும் எழுதிட்டாங்க. பழைய கேம் முடிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னுதான் இந்தக் கதையே ஆரம்பிக்குது. அது எல்லாமே சரி, மாறின ஒருத்தி திரும்பக் கெட்டுப் போகவும் கூடும், ஆனா எப்படிக் கெட்டுப் போனான்னு நாலு வரி சொல்லணும் இல்லையா? அந்த நாலு வரி இல்லாததுதான் என் வருத்தமும்.

அதே கேம்லதான் பழைய கேம்ல கூட வந்த ஜஹீராவ எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க, அதையும் உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. ரெண்டாவது பாகம் ஆரம்பத்துலயே புருஷன் காலித் செத்துக் கிடக்கிறதப் பார்த்தவ. இதுல வயசாகி முகம் சுருங்கிப் போயிருக்கா, பேச்சுல மட்டும் அதே அதட்டல். நகரத்துல அவ வீட்டுக்குப் போய்ப் பாருங்க, தத்தெடுத்த பிள்ளைங்க இருக்கும், அதுங்க அவகிட்ட சண்டை போடும். நான் அந்த வீட்ட விட்டு ரொம்ப நேரம் நகரவே இல்ல. இன்னொரு பழைய கூட்டாளி மின்ஸ்க்கும் பூங்கிற தன் வெள்ளெலியோட வரான். விட்ட இடத்துலருந்து உங்க ஃப்ரெண்டு தொடரட்டும், இவங்க ரெண்டு பேருக்காகவாவது.

கேள்வி: ஃபேன்ஸ் கத்துறதால எதாவது மாறுதா?

பதில்: மாறியிருக்கே. 2020 அக்டோபர்ல முதல் அத்தியாயத்த மட்டும் வெளிய விட்டு கிட்டத்தட்ட மூணு வருஷம் ஜனங்க சொல்றதக் கேட்டுக்கிட்டே செஞ்ச கேம் இது, நம்ம கூட வர்ற வைல் கேரக்டரோட கதையவே திரும்ப எழுதினாங்க. 2023 ஆகஸ்ட்ல முழுசா வந்தப்போ முடிவு சட்டுனு முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த வருஷம் நவம்பர் கடைசியில வந்த பேட்ச்ல, ஆறு மாசம் கழிச்சு எல்லாரும் கேம்புல கூடிப் பேசுற மாதிரி ஒரு எபிலாக் சேர்த்துட்டாங்க.

கேள்வி: நான் மூணாவது மட்டும்தான் ஆடியிருக்கேன். பழசு ரெண்டும் இப்போ ஆட முடியுமா? அண்ணன் ஆடியே ஆகணும்ங்கிறான்.

பதில்: அண்ணன் பேச்சக் கேளுங்க. 2012லயும் 2013லயும் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன, அதாவது புதுப்பிச்ச பதிப்ப எடுங்க, சண்டை கஷ்டமா இருந்தா சண்டைய சுலபமாக்குற ஸ்டோரி மோடு இருக்கு, கூச்சமே படாம போடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அதுல ஆர்மர் நம்பர் குறையக் குறையத்தான் நல்லது, மைனஸ்ல போனா இன்னும் நல்லது, இது தெரியாம நல்ல கவசத்தத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டாவது பாகத்துல அந்த நெருப்புக் கம்பத்துக்கிட்ட வந்ததும் என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க.