கணினிக் கேள்வி பதில்: கடையில் கேட்கும் சொற்கள்

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக வேலூரில் மடிக்கணினி வாங்கினோம். 8 ஜிபி, 512 ஜிபி என்று இரண்டு அளவுகளைச் சொல்லி, இரண்டுமே மெமரிதான் என்றார் கடைக்காரர். ஒன்றுக்கு எதற்கு இரண்டு அளவு? வீட்டில் திறந்து பார்த்தால் 512-க்குப் பதில் 476 ஜிபி என்றுதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, ஆற்காடு

பதில்: நீங்கள் ஏமாறவில்லை. கணினியில் தகவலை அளக்கும் சிறு அலகு பைட். சேமிப்பகத்தைத் தயாரிக்கும் நிறுவனங்கள் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகின்றன; அந்தக் கணக்கில் 512 ஜிபி என்பது 51,200 கோடி பைட். விண்டோஸ் இயங்குதளமோ 1,024-ஐ மூன்று முறை பெருக்கி வருகின்ற 107,37,41,824 பைட்டுகளை ஒரு ஜிபியாகக் கொள்கிறது. அதே 51,200 கோடியை இந்த எண்ணால் வகுத்தால் 476 சொச்சம் வரும். கணினியில் இருக்கும் இடம் ஒன்றுதான், அதை அளக்கும் முறைதான் இரண்டு. ஒரு டிபி, அதாவது 1,000 ஜிபி வட்டு வாங்கியவர்களுக்கு 931 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான். மீட்புக்கென்று இயங்குதளம் ஒதுக்கி வைக்கும் சிறு பகுதியால் இந்த எண் இன்னும் சற்றுக் குறையலாம்.

இனி மெமரி என்ற பொதுப்பெயருக்கு வருவோம். 8 ஜிபி என்பது ரேம். 512 ஜிபி என்பது எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகம். நீங்கள் ஒரு கடிதத்தைத் திறந்து தட்டச்சு செய்யும்போது, அந்தக் கடிதமும் அதைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருளும் ரேமில் இருக்கின்றன. மின்சாரம் நின்றதும் ரேமில் உள்ளவை அனைத்தும் போய்விடும். 'சேவ்' கொடுத்த பிறகே கடிதம் சேமிப்பகத்தில் எழுதப்படுகிறது. அதன் பின் கணினியை அணைத்தாலும் அது அங்கேயே இருக்கும். மடிக்கணினியில் பேட்டரி இருப்பதால் மின்வெட்டு உடனே தெரியாது. ஆனால் யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் வேலை செய்பவர்கள், ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்துவதைக் கைப்பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டை அறியாததால் பணம் வீணாவதைப் பலமுறை பார்க்கிறேன். பல மென்பொருள்களை ஒரே நேரத்தில் திறந்தால் மட்டும் கணினி திணறுகிறது என்றால் பெரும்பாலும் போதாதது ரேம். புகைப்படம் சேமிக்க இடமில்லை என்று செய்தி வந்தால் போதாதது சேமிப்பகம். முதல் குறைக்குப் பெரிய வட்டு வாங்கிப் பொருத்தினால் பயனில்லை. இப்போது வரும் சில மடிக்கணினிகளில் ரேம், பாகங்களை இணைக்கும் மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னாளில் அதை மாற்ற முடியாது. ஆகையால், 'ரேமைக் கூட்டிக்கொள்ள இடம் உண்டா?' என்ற கேள்வியை வாங்கும் முன்பே கடையில் கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: மேசைக்கடியில் இருக்கும் பெட்டியைத்தானே சிபியு என்கிறோம்? பழுது பார்ப்பவர், 'சிபியு போய்விட்டது' என்கிறார். முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், காட்பாடி

பதில்: வேண்டியதில்லை. அந்தப் பெட்டியின் பெயர் கேபினட். சிபியு என்பது அதனுள் தாய்ப்பலகையில் அமர்ந்திருக்கும், உள்ளங்கையில் அடங்கக்கூடிய செயலி (பிராசஸர்) மட்டுமே. செயலி கெட்டுப்போவது அரிது. பெட்டி உயிர்பெறாமல் கிடந்தால் பல நேரங்களில் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் என்ற பகுதியே காரணமாக இருக்கும். அதைத் தனியாக மாற்றலாம். எந்தப் பாகம் பழுது என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் நெசவாளர் சங்கத்தின் ஆண்டறிக்கையை டிடிபி சென்டரில் தட்டச்சு செய்து பென்டிரைவில் வாங்கி வந்தேன். அங்கே தமிழாகத் தெரிந்தது, என் கணினியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிகிறது. வைரஸா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வைரஸ் இல்லை. எழுத்துரு, குறியாக்கம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். கணினி எந்த எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுப்பது குறியாக்கம். அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைவது எழுத்துரு, அதாவது ஃபான்ட். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்துவிட்டன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் உண்மையில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அவை தமிழாகத் தெரியும். உங்கள் கணினியில் அது இல்லாததால் உள்ளபடியே தெரிகின்றன.

யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் சொந்த எண் உண்டு. 'அ' என்பதன் எண் 2949. உலகில் எந்தக் கணினியிலும் அந்த எண் 'அ'வைத் தவிர வேறொன்றைக் குறிக்காது. 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. அப்படியிருந்தும் பல டிடிபி சென்டர்களில் பழைய எழுத்துருவே தொடர்வதற்குக் காரணம், தட்டச்சு செய்பவரின் விரல்கள் பழகிவிட்ட விசைப்பலகை மாறிவிடுமோ என்ற தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. விசைப்பலகை அமைப்பு வேறு, குறியாக்கம் வேறு. பழைய தட்டச்சுப்பொறி அமைப்பிலோ 1999-இல் அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பிலோ அடித்தபடியே யூனிகோடில் எழுத முடியும்.

அச்சிடுவது மட்டுமே நோக்கமென்றால் பிடிஎஃப் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துரு அதனுள்ளேயே பொதிந்து வருவதால் எங்கும் சரியாகத் தெரியும். ஆனால் பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப்-இல் ஓர் உறுப்பினரின் பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் கிடைக்காது. சங்கத்தின் அறிக்கை பல ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆவணம். அந்த எழுத்துரு வழக்கொழிந்த காலத்தில் அதைப் படிக்க இயலாமற் போவது பெரிய இழப்பு. எனவே யூனிகோடில்தான் வேண்டும் என்று வற்புறுத்திக் கேளுங்கள். இப்போது கையிலுள்ள கோப்பை, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகளைக் கொண்டு மாற்றலாம்; எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்பதை மட்டும் முதலில் கேட்டறியுங்கள்.

கேள்வி: வேலைக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். என் கைப்பேசியில் எடுத்த படம் 3 எம்பி இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: கேபி என்பது ஏறத்தாழ ஆயிரம் பைட், எம்பி என்பது ஏறத்தாழ பத்து லட்சம் பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இணையத்தில் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 'வேலூர்' என்ற சொல்லுக்கு 18 பைட் வேண்டும். படங்களுக்கு இதைவிட மிக அதிகம் தேவைப்படுவதற்குக் காரணம், அவை பிக்சல் எனப்படும் வண்ணப் புள்ளிகளால் ஆனவை என்பதே. 12 மெகாபிக்சல் படத்தில் அகலத்துக்கு 4,000, உயரத்துக்கு 3,000 என்று ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் இருக்கின்றன.

விண்ணப்பப் படத்துக்கு அத்தனை தேவையில்லை. முதலில் முகமும் தோளும் மட்டும் நிற்குமாறு 'கிராப்' செய்து, பிறகு 'ரீசைஸ்' வசதியில் அகலம் 300, உயரம் 400 பிக்சல் என்று கொடுத்து, ஜேபெக் வகையில் சேமியுங்கள். புள்ளிகள் நூறில் ஒரு பங்காகக் குறைவதால் அளவு பெரும்பாலும் 50 கேபிக்குள் அடங்கிவிடும். விண்ணப்ப அறிவிப்பில் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கோப்பின் பெயரின் இறுதியில் உள்ள எழுத்துகளை மட்டும் மாற்றினால் கோப்பின் வகை மாறாது. அப்படிச் செய்த படத்தை விண்ணப்பத் தளம் ஏற்காமல் திருப்பிவிடக்கூடும். மூலப் படத்தை அழிக்காமல், சிறிதாக்கியதை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு வேறோர் அளவு கேட்பார்கள்.