அழவே விடாமல் வளர்த்த பிள்ளை

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகனுக்கு 2 வயது 2 மாதம். பிறவியிலேயே இதயக் கோளாறு. டெட்ராலஜி ஆஃப் ஃபாலட் என்றார்கள். 5 மாதத்தில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு கிருமித்தொற்று, மொத்தம் 7 வாரம் மருத்துவமனையில் இருந்தான். 11 மாதம் வரை மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். இப்போதும் காலை, மாலை இரண்டு மருந்து உண்டு. நடக்கிறான், ஓடுகிறான், சொன்னால் புரிந்துகொள்கிறான், வேண்டியதை விரலால் காட்டுகிறான். பேச்சுதான் இல்லை. "மா", "தா", பேருந்தைப் பார்த்தால் "ஊ", அப்புறம் "ம்ஹும்". அவ்வளவுதான். அவன் எதையும் கேட்டு அழும் அளவுக்கு நாங்கள் விட்டதே இல்லை. பகலில் மாமியாரும் மியன்மார் பணிப்பெண்ணும் பார்த்துக்கொள்கிறார்கள். மாமியார் தமிழ், பணிப்பெண் ஆங்கிலம். "இரண்டு மொழி பேசிக் குழப்பாதீர்கள், தமிழை நிறுத்துங்கள்" என்று தோழிகள் சொல்கிறார்கள். மாமியாரோ, "இதயமே சரியாகிவிட்டது, பேச்சு தானாக வரும், இவன் அப்பாவே 3 வயதில்தான் பேசினான்" என்கிறார். எனக்கு இரவில் தூக்கம் இல்லை. - ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "கேட்டு அழும் அளவுக்கு விட்டதே இல்லை" என்று. பேச்சு சிகிச்சையாளராக என் பதில் பெரும்பாலும் அந்த வரியைப் பற்றித்தான். அதற்கு முன்னால் ஒரு காரியம் முடிய வேண்டும். காது.

பிறந்தவுடன் செய்த செவிப்புலன் சோதனையில் தேறிவிட்டான் என்பீர்கள். அது பிறந்த வாரத்துக் கதை. அதற்கப்புறம் 7 வாரம் மருத்துவமனையில் கிடந்திருக்கிறான். கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் ஜென்டமைசின் போன்ற மருந்துகளும், உடம்பில் நீர் தங்காமல் இருக்க இதயக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஃபுரோஸ்மைடும் சில பிள்ளைகளின் உள்காதைப் பாதிக்கக்கூடும். உயிரைக் காப்பாற்றிய மருந்துகள், கொடுத்ததில் தப்பே இல்லை. ஆனால் கொடுத்த பிறகு காதைத் திரும்பவும் பார்த்தாக வேண்டும். பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

"கூப்பிட்டால் திரும்புகிறானே" என்பதை நான் சோதனையாக எடுத்துக்கொள்வதில்லை. மருந்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளில்தான் தொடங்கும். கனத்த ஒலிகள் நன்றாகவே கேட்கும். உங்கள் மகன் பேருந்துக்கு "ஊ" என்கிறான் பாருங்கள், பேருந்தின் உறுமல் கனத்த ஒலி. அது கேட்கிறது என்பதால் "ச", "ஸ" போன்ற மெல்லிய ஒலிகளும் கேட்கின்றன என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, சளி பிடித்துப் பிடித்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்துக்கொண்டாலும், தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பது மாதிரிதான் பிள்ளைக்குக் கேட்கும். அடுத்த இதய மருத்துவர் சந்திப்பு வரை காத்திருக்காமல், தொலைபேசியில் கூப்பிட்டுச் செவிப்புலன் சோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்படிப் பேசும்போதே இன்னும் இரண்டு கேட்டுவிடுங்கள். அவன் அழும் சத்தம் கம்மலாக, காற்றுப் போவதுபோல் இருக்கிறதா? இருந்தால் அதைச் சொல்லுங்கள். குரல் நாணுக்குப் போகும் இடப்பக்க நரம்பு நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. நெஞ்சுக்குள் நடக்கும் சில அறுவை சிகிச்சைகளில் அதற்கு அடி படுவதுண்டு. குரல் தெளிவாக இருந்தால் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டாவது, 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் இரத்தச் சோதனை. ஃபாலட் குழந்தைகளில் சிலருக்கு அது இருக்கும். இருந்தால் அண்ணம் சரியாக மூடாமல் போகலாம், பேச்சு மூக்கால் வரலாம், தாமதமாகவும் வரலாம். அநேகமாக ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். முடிவு என்ன என்று மட்டும் கேளுங்கள்.

சரி, இப்போது அழுகைக்கு வருகிறேன்.

ஃபாலட் குழந்தை அறுவை சிகிச்சைக்கு முன்னால் வீறிட்டு அழுதால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உதடு நீலம் பாரிக்கும், மூச்சு வாங்கும், முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடக்கிப் பிடிக்கச் சொல்லித் தாதி கற்றுக்கொடுத்திருப்பார். ஒரு தடவை அதைப் பார்த்த குடும்பம் ஜென்மத்துக்கும் மறக்காது. ஐந்து மாதம் வீட்டில் எல்லோரும் ஒரே ஒரு பாடத்தைத்தான் படித்திருக்கிறீர்கள், இவன் அழக்கூடாது. அந்தப் பாடத்தில் நீங்கள் எல்லோரும் முதல் வகுப்பு. பசிக்கும் முன்னே பால், கை நீளும் முன்னே பொம்மை, முகம் சுளிக்கும் முன்னே தோளில். அப்புறம் அறுவை சிகிச்சை நடந்தது, இதயம் சரிசெய்யப்பட்டது. பாடத்தை நிறுத்தலாம் என்று யாரும் வந்து சொல்லவில்லை.

பேச்சு தேவையிலிருந்து பிறக்கிறது. அவனுக்குத் தேவை வருவதற்குள் நீங்கள் நான்கு பேரும் ஓடிப்போய் முடித்துவிடுகிறீர்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த நான்கு பேர் இல்லாவிட்டால் இன்று இந்தக் கேள்வியையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆகவே இதய மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "இப்போது இவன் அழலாமா? எவ்வளவு நேரம்?" பெரும்பாலும் "மற்ற பிள்ளைகளைப் போல அழலாம்" என்றுதான் சொல்வார். அதை ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பணிப்பெண்ணுக்கு ஆங்கிலத்தில் இன்னொன்று. அவருக்குத்தான் உங்கள் எல்லோரையும்விடப் பயம் அதிகம் இருக்கும். தன் பொறுப்பில் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் என்ன கதி என்று யோசித்துக்கொண்டே நாளைக் கழிப்பவர் அவர்.

மருத்துவர் சரி என்ற பிறகு, அழவிட வேண்டும் என்றுகூட இல்லை. பத்து எண்ணும் அளவுக்குப் பொறுங்கள், போதும். பிஸ்கட்டை நேராகக் கையில் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி டப்பாவைக் கொடுங்கள். திருப்பிப் பார்ப்பான், தட்டுவான், உங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வை வந்ததும் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். எனக்கே முதலில் ஐந்தைத் தாண்டுவது கஷ்டமாக இருந்தது. டப்பாவை நீட்டி "உம்" என்றாலும் அது பேச்சுதான். உடனே "திற! திறக்கணுமா? இதோ திறந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே திறங்கள். "திற சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்ற பேரம் வேண்டாம். பிள்ளை சொல்ல மாட்டான், நீங்கள் கொடுத்துவிடுவீர்கள், இரண்டு பேருக்கும் அவமானம்.

மருந்து வேளையை நான் விடமாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தவறாமல் வரும் பாடவேளை வேறு எங்கே கிடைக்கும்? சிரிஞ்சைக் காட்டி "மருந்து". அவன் கையிலேயே காலி சிரிஞ்ச் ஒன்று. "முதலில் கரடிக்கு." கரடிக்குக் கொடுக்கட்டும். "ஆ..." என்று இழுத்து வாயைத் திறங்கள். உள்ளே போனதும் இரண்டு கையையும் விரித்து "முடிஞ்சது!" தினமும் அதே சொற்கள், அதே வரிசை, அதே ராகம். பத்து இருபது நாள் போனதும் கையை விரிக்கும் இடத்தில் நீங்கள் நிறுத்திவிட்டு அவனைப் பாருங்கள். பல பிள்ளைகள் முதலில் கையைத்தான் விரிப்பார்கள், சொல் பிறகு வரும். மூக்குக் குழாயோடு வளர்ந்த பிள்ளைக்கு வாயருகே எது வந்தாலும் பயம் இருக்கும். பல் தேய்க்கவோ கட்டியான சோறு சாப்பிடவோ மறுக்கிறான் என்றால் அதையும் பேச்சு சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். உண்பது, விழுங்குவது எல்லாம் எங்கள் வேலையில் சேர்த்திதான்.

அவனுடைய "ம்ஹும்" எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பிறந்ததிலிருந்து ஊசியும் குழாயும் பிளாஸ்திரியுமாக யார் யாரோ தன் உடம்பைத் தொடுவதைப் பார்த்த பிள்ளை முதலில் "வேண்டாம்" என்பதைத்தான் கற்றுக்கொள்வான். அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்புக் கொடுங்கள். மருந்து வேண்டாம் என்றால் கேட்க முடியாது. ஆனால் சிவப்புக் கோப்பை வேண்டாம் என்றால் கேட்கலாம், எந்தக் கை இடுக்கில் வெப்பமானி என்பதை அவனே சொல்லலாம். ஒரு நாளைக்கு நான்கு இடத்திலாவது அவன் "ம்ஹும்" ஜெயிக்கட்டும். "ம்ஹும், வேண்டாமா? சரி, வேண்டாம்" என்று நீங்கள் முழுச்சொல்லைப் பக்கத்தில் வையுங்கள்.

தமிழை நிறுத்தும் யோசனைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுநீரக நோயாளிக் குழந்தை, பாட்டிதான் பகல் முழுக்கத் துணை, பாட்டிக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வந்தார்கள். பிள்ளையின் பேச்சில் மாற்றம் இல்லை, ஆனால் பாட்டி ஊமையாகியிருந்தார். பேரன் கெட்டுவிடக்கூடாதே என்று வாயையே திறப்பதில்லையாம். ஒரு நாளில் பத்து மணி நேரப் பேச்சை அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்கியது நான்தான். அந்தப் பாட்டியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இப்ப பேசலாமில்ல?" என்றார்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, நோயுள்ள பிள்ளைக்கும் இதுதான் பொருந்தும். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். "பால்" தமிழில், "பஸ்" ஆங்கிலத்தில் என்றால் இரண்டு சொல். மாமியார் தமிழிலேயே பேசட்டும், கதை சொல்லட்டும், வெங்காயம் உரிக்கும்போதும் அவனிடம் சொல்லிக்கொண்டே உரிக்கட்டும். பணிப்பெண் தனக்கு வரும் மொழியில் பேசட்டும். பேசாமல் இருப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. அப்பா, தாத்தா, மாமா என்று நம் உறவுப் பெயர்கள் பலவும் உதட்டிலும் பல்லிலும் தட்டி வரும் சுலபமான ஒலிகள். "ழ" வரவில்லையே என்று இப்போது யாராவது கவலைப்பட்டால் அவர்களுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாமியார் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்பது நாங்கள் குறித்துக்கொள்ளும் விஷயம்தான். ஆனால் அந்த அப்பாவுக்கு 5 மாதத்தில் இதய அறுவை சிகிச்சை நடக்கவில்லை. 2 வயதில் ஐம்பது சொல்லளவு இருக்கும், "பால் வேணும்" என்பதுபோல் இரண்டு சொல் சேரத் தொடங்கும் என்பது நாங்கள் பார்க்கும் பொதுக் கணக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கு 2 வயது வரை அந்த வாரங்களைக் கழித்துக் கணக்கிடுவோம். மருத்துவமனையில் இருந்த நாள்களுக்கு அப்படி ஒரு கழித்தல் இல்லை. நான்கு சொல் என்பது தாமதம்தான். குழந்தைப் பருவத்தில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பேச்சும் வளர்ச்சியும் தாமதமாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால்தான் அவர்களைத் தொடர்ந்து கவனிக்கச் சொல்கிறார்கள். சொன்னதைப் புரிந்துகொள்கிறான், விரலால் காட்டுகிறான் என்பது எனக்குப் பெரிய தைரியம். அந்த இரண்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பிள்ளையின் உடல்நலக் குறிப்பேடான ஹெல்த் புக்லெட்டில் அடுத்த வளர்ச்சிப் பரிசோதனை 30 மாதத்தில் இருக்கும். அதுவரை பொறுக்க வேண்டாம். பலதுறை மருந்தகமோ உங்கள் இதய மருத்துவரோ, கேகே மருத்துவமனையின் அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு எழுதித் தரலாம். வரிசை நீளமாக இருக்கலாம், இன்றே பெயரைப் போடுங்கள். காது சோதனைக்குத் தனியாகப் போடுங்கள், இரண்டையும் ஒன்றுக்காக ஒன்று நிறுத்தி வைக்காதீர்கள்.

கைப்பேசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 18 மாதத்திலிருந்து 6 வயது வரை பள்ளி நேரம் போக ஒரு நாளில் திரை பார்ப்பது 1 மணி நேரத்துக்கும் குறைவாக என்று 2025இல் சுகாதார அமைச்சு வழிகாட்டியிருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது காட்டும் இரண்டு நிமிடப் படத்துக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், என் மகனுக்கே காட்டியிருக்கிறேன். சாப்பாட்டு வேளைக் கைப்பேசிக்குத்தான் என் கோபம்.

கேள்வி: பேரனுக்கு 3 வயது, ஆஸ்துமா. ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடங்கி 2 மாதம். இப்போது "நா... நா... நான்" என்று திக்குகிறான். மருந்தை நிறுத்தலாமா? - ஒரு தாத்தா, ஈசூன்

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. அந்த மருந்தால் குரல் கொஞ்சம் கரகரப்பாகலாம், வாயில் வெள்ளை படியலாம். அதற்குத்தான் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிக்கவோ தண்ணீர் குடிக்கவோ வைத்து முகத்தைத் துடைக்கச் சொல்கிறார்கள். திக்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள், சொல்ல நிறைய இருந்து வாய் பின்தங்கும் காலத்தில், பல பிள்ளைகள் இப்படித் தடுக்குவார்கள். "மெதுவாகச் சொல்லு" என்று திருத்தாமல், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அவன் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆறு மாதத்தைத் தாண்டிப் போனாலோ, சொல் வராமல் முகத்தை இறுக்கினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்குவாய் இருந்தாலோ ஒரு பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டிவிடுங்கள். இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரை முகத்தில் வைத்து மூச்சை எண்ணுவீர்கள் இல்லையா, அந்த எண்ணிக்கையைத் தமிழில் சத்தமாக எண்ணுங்கள். ஐந்தோ பத்தோ, கடைசி எண்ணை அவன் முகமூடிக்குள்ளிருந்தே கத்தட்டும்.