பெங்களூரில் புது கார்: எப்போது, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பெங்களூரில் முதல் கார் புக் செய்திருக்கிறோம். டெலிவரி அன்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்? முதல் சில மாதங்கள் எப்படி ஓட்டுவது? ஓசூரில் எடுத்தால் வரி மிச்சம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: டெலிவரி அன்று பார்த்துப் பயனில்லை. அதற்குள் இன்வாய்ஸ் போட்டு, இன்சூரன்ஸ் எடுத்து, ஆர்.டி.ஓ.வில் வண்டி உங்கள் பெயருக்கு ஏறியிருக்கும். கதவில் ஒரு நெளிவைக் காட்டினால் "சரி பண்ணிக் கொடுத்துடறோம் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வேறு வண்டி கேட்க வழியில்லை. பார்க்க வேண்டியதைப் பதிவுக்கு முன்பே, டீலர் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஸ்டாக்யார்டிலேயே பார்த்துவிடுங்கள். உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் நம்பரை (வண்டியில் பொறித்த அடையாள எண்) முதலில் மெயிலிலோ வாட்ஸப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். நேரில் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் மீதிப் பணம், அதன் பிறகு இன்சூரன்ஸ், பதிவு. "யார்டுக்கு கஸ்டமரை விடுவதில்லை" என்று சேல்ஸ் பையன் சொன்னால், பதிவுக்கு முன் வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் டீலரை மாற்றுவது நல்லது.

காலை வெயிலில் போங்கள். தூசியோடு நிற்கும் வண்டியில் கீறல் தெரியாது, கழுவி வைக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சேஸிஸ் நம்பர் 17 எழுத்து. அதில் 10-வது எழுத்து பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025, டி என்றால் 2026. மாதக் குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், தயாரித்த மாதத்தை, கம்பெனி தரும் தகுதிச் சான்றான ஃபார்ம் 22-இல் பார்த்துக்கொள்வது எளிது. ஜனவரியில் வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது. போன வருட வண்டியைத் தள்ளுபடியில் தெரிந்து வாங்கினால் தவறில்லை, தெரியாமல் வாங்கினால் விற்கும்போது வலிக்கும்.

டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-இன் 23-வது வாரம். ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் பாருங்கள். நாலு டயர் ஒரே காலத்தைக் காட்டி ஒன்று மட்டும் ஆறு மாதம் தள்ளி இருந்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். கண்ணாடிகளுக்கும் இதே கணக்குதான்: எல்லாக் கதவிலும் ஒரே முத்திரை, ஒரே ஆண்டு இருக்க வேண்டும்.

பெயின்ட்டுக்குத் தனியாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். போன் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் நேர்ப்பார்வைக்குத் தெரியாத மேடு பள்ளம் நிழலாக விழும். பேனட், கதவு கீல் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா, ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் பெயின்ட் துளி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ட்ரெய்லரில் வரும்போது அடிபட்டு யார்டிலேயே மறுபெயின்ட் அடித்த வண்டியை இந்த இரண்டுமே காட்டிக்கொடுக்கும். பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரானுக்குள் வரும். ஒரு தகடு மட்டும் 200-ஐத் தாண்டினால் அங்கே கைவைத்திருக்கிறார்கள்.

பிரேக் டிஸ்க்கில் லேசான துரு இருந்தால் பயப்பட வேண்டாம், நாலு பிரேக்கில் போய்விடும். சைலன்ஸர் தவிர அடிப்பாகத்தில் வேறெங்காவது துரு இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் சாவது பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே போனால் மாற்றிக் கேளுங்கள். மீதியெல்லாம் பொறுமை வேலை: ஏசி, எல்லாக் கண்ணாடியும் ஏறி இறங்குவது, வைப்பர், ரிவர்ஸ் கேமரா, பின்சீட் பெல்ட், இரண்டு சாவி, ஜாக்கி, ஸ்பானர். ஓடோமீட்டர் மூன்று இலக்கத்தில் இருந்தால் டெஸ்ட் டிரைவுக்கு ஓடிய வண்டியோ என்று சந்தேகப்படலாம்.

அடுத்து பில். அதில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று போடும் தொகைக்குச் சட்ட அடிப்படை இல்லை, எடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியில் விலை கேட்டு வந்து காட்டினாலே அவர் இறங்கிவருவார். மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடம் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் போதும். ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது) எடுங்கள். பெங்களூரில் இன்ஜின் ப்ரொடெக்ட்டும் எடுங்கள். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வண்டிகள் மூழ்கியதை இந்த ஊர் மறக்கவில்லை. தண்ணீரில் நின்ற இன்ஜினைச் சாவி திருகிக் கெடுத்துக்கொண்டால் சாதாரண பாலிசி கைவிரித்துவிடும். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. டெஃப்லான், அண்டர்பாடி கோட்டிங் எல்லாம் டீலரின் லாபத்துக்கு; இங்கே கடல் உப்புக்காற்றும் இல்லை. எக்ஸ் ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் பிடித்து அரசுக்குக் கட்டும் 1% டி.சி.எஸ். செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஓசூர் விஷயம். கர்நாடகத்தில் வாழ்நாள் வரி 5 லட்சம் வரை 13%, 10 லட்சம் வரை 14%, 20 லட்சம் வரை 17%, அதற்கு மேல் 18%. வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு இதே படிகளுக்கு 12, 13, 15, 20%. 12 லட்ச ரூபாய் வண்டிக்கு இங்கே 2,04,000 கட்டி அதற்கு மேல் செஸ், அங்கே 1,80,000. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதுதான். ஆனால் டி.என். 70 நம்பர் வாங்க ஓசூர் முகவரிச் சான்று வேண்டும். வண்டி 12 மாதத்துக்கு மேல் பெங்களூரிலேயே ஓடினால் கே.ஏ. நம்பருக்கு மாற்றியாக வேண்டும்: அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே மறுபடி வரி, பழைய வரியைத் திரும்பப் பெறத் தனி அலைச்சல். 20 லட்சத்துக்கு மேல் மிச்சமும் இல்லை. வீடும் வேலையும் இங்கே என்றால் கோரமங்கலா கே.ஏ. 01-ஓ, எலெக்ட்ரானிக் சிட்டி கே.ஏ. 51-ஓ, உங்கள் முகவரிக்கு வருவதை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

இனி ஓட்டுவது. முதல் 1,000 கிலோமீட்டருக்கு பெட்ரோல் வண்டியில் 3,000 ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) தாண்டாமல், ஆனால் ஒரே வேகத்திலும் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பதிவது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். மெதுவாகப் போகிறோம் என்று நாலாவது கியரில் 25 கி.மீ. வேகத்தில் உருட்டுவது அதைவிடக் கெடுதல். முதல் 200, 300 கிலோமீட்டர் பிரேக்கும் டயரும்கூட முழுப் பிடிமானத்துக்கு வராது. முன்வண்டிக்கு இடைவெளி விடுங்கள். (நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் விட்ட இடைவெளியில் ஆட்டோ நுழையும். நுழையட்டும்.)

டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள். அரைக் கிளட்ச்சிலேயே உரசிச் சூடாகும். ஒரு கார் நீளம் இடம் வரட்டும், பிறகு ஒரேயடியாக நகருங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கில் நில்லுங்கள்.

டீசல் புக் செய்திருந்து, தினசரி ஓட்டம் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்றால், இப்போதே பெட்ரோலுக்கு மாற்றுங்கள். பி.எஸ். 6 மாசுத் தரத்தில் வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிய எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேற வேண்டும். ஊர்ந்து போகும் வண்டியில் அது நடக்காது. பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு எரிப்பிலும் கொஞ்சம் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் டி.பி.எஃப். விளக்கு எரிந்த அன்றே நெரிசல் குறைந்த நைஸ் ரோடு டோல் சாலையில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் இருபது நிமிடம் விடாமல் ஓட்டிவிட்டு வாருங்கள்.

கழுவ போர்வெல் தண்ணீர்தான் கிடைக்கும். குடிநீரில் கார் கழுவ 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் தடைபோட்டு 5,000 ரூபாய் அபராதம் வைத்தது. போர்வெல் தண்ணீர் உப்பு. வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி பதிந்து துடைத்தாலும் போகாது. நிழலில் கழுவி உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடி நிழல் ஆசை காட்டும், ஆனால் பிசினும் பறவை எச்சமும் பெயின்ட்டைத் தின்றுவிடும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் எலி உண்டு. வாரம் ஒருமுறை பேனட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள்.

கஸ்தூர்பா ரோடு டிராஃபிக் பிள்ளையாரிடம் பூஜை போடும்போது மஞ்சள் குங்குமத்தைப் பெயின்ட்டில் நேராகக் குழைத்துப் பூச வேண்டாம், கறை போகாது. பொட்டு கண்ணாடியில் இருக்கட்டும், கற்பூரத் தட்டு பேனட் மேல் ஏற வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை. டீலர் ஒட்டிய ஃபாஸ்டேக் சேஸிஸ் நம்பரில்தான் இருக்கும். ஆர்.சி. (பதிவுச் சான்று) வந்ததும், வண்டி வாங்கிய 90 நாளுக்குள், வண்டி நம்பரை அதில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் டேக் முடங்கும். டேக் வேலை செய்யாமல் கிருஷ்ணகிரி போன்ற டோலில் நின்றால், ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ. என்றால் ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பரில் விதி வந்தது. 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்று தொடங்கிய வருடாந்தர பாஸும் வண்டி நம்பர் ஏறிய டேக்குக்குத்தான் கிடைக்கும்.