டயாலிசிஸ் மையத்தில் தாதியாக இருக்கிறேன். நோயாளிகள் முன்னாலேயே மேலதிகாரிகள் என்னைத் திட்டுகிறார்கள். பொறுத்துப் போவதா, வேலையை விடுவதா?

நீங்கள் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் தனியார் டயாலிசிஸ் மையம் ஒன்றில் 14 வருஷமாகத் தாதி நான். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள். ஆளுக்கு 4 மணி நேரம், வாரம் 3 முறை. ஊசி குத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று வெளியில் பேசுகிறார்கள். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் நேரத்தில் வந்து பார்க்கட்டும், ஒருவருக்கு ரத்தத்தைத் திருப்பி ஏற்றி, ஊசியை எடுத்து, அந்த இடத்தை அழுத்திப் பிடித்திருப்போம், பக்கத்துக் கட்டிலில் பிரஷர் இறங்கும், எடை பார்க்க நாலு பேர் வாசலில் நிற்பார்கள்.

2017ல் ஒரு நாள் ஒருத்தி எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. எனக்கு ஆறு பேர். காலையில் பசியாறவில்லை, மணி இரண்டு. ஒரு பாட்டிக்குப் பிரஷர் இறங்கியதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன். பாட்டி தேறிவிட்டார், ஆனால் தாமதம் என்னுடையதுதான், அதை மறுக்கவில்லை. மேனேஜர் நடுக் கூடத்தில் நின்று என்னைக் கத்தினார், படிப்பில் தொடங்கி வளர்ப்பு வரைக்கும்.

அவர் போனதும் மூன்றாவது கட்டிலில் இருந்த பெரியவர் கூப்பிட்டார். அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கும் கண்காணியாக இருந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். "உங்கப்பனையும் நான் பெரட்டுல இப்படித்தான் கத்தியிருக்கேன் தாயி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா அதை வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. ஸ்டோர் ரூமில் போய் அழுதேன். மலாய்க்கார அக்கா ஒருவர் தன் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் பாதியைக் கையில் கொடுத்து, கால் மணி நேரம் என் ஆறு பேரையும் பார்த்துக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பேன்.

"உயிர் போகிற இடத்தில் சாப்பாடு பெரிசா" என்று யாராவது இங்கே எழுதுவீர்கள், தெரியும். பசியும் பயமுமாக நிற்பவள்தான் அந்தப் பிரஷரைப் பார்க்கத் தவறுகிறாள், அதைத்தான் சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து நோட்டில் குறித்தேன், எத்தனை நோயாளி, எத்தனை தாதி, எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று. ஆறு மாதம் கழித்து மூன்று பேராகப் போய் மையத்து டாக்டரிடம் காட்டினோம். கூடுதலாக ஒரு ஆள் வந்தார். திட்டுவது அறைக்குள் போனது. மன்னிப்பு மட்டும் இன்றுவரை வரவில்லை.

 

உடனே விடாதீர்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். ஐந்து மணி நேரம் தொடர்ந்தால் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும், இடைவிடாமல் ஆள் நிற்க வேண்டிய வேலையென்றால் எட்டு மணி நேரம் வரை போகலாம், அதற்குள் சாப்பாட்டுக்கு 45 நிமிடம் உண்டு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. கேட்டும் தராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், அப்புறம் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். இன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.