‘கேட்காமல் செய்’ என்று ஏஐ-க்குச் சொன்னது யார்?

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்பர்கள் கோட் எழுதும் ஏஐ கருவிகளான கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ, கோடெக்ஸ் மூன்றையும் டெர்மினலில் (கமாண்ட் தட்டும் திரையில்) பயன்படுத்துகிறார்கள். தடை போட எனக்கும் விருப்பமில்லை. ஆனால் யாராவது ஆபத்தான முறையில் ஓட்டினால் தெரிய வேண்டும். விண்டோஸ், மேக் இரண்டும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: யார் யாரிடம் இந்தக் கருவிகள் இருக்கின்றன என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரிடமும் இருக்கும். அனுமதி கேட்கும் வழக்கத்தை அணைத்துவிட்டு ஓட்டுவதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

சாதாரணமாக இவற்றில் பல, ஒரு ஃபைலைத் திருத்தும் முன்பும் ஒரு கமாண்டை ஓட்டும் முன்பும் “செய்யட்டுமா?” என்று கேட்கும். நாள் முழுக்க ‘யெஸ்’ தட்டிச் சலித்துப்போனவருக்குக் குறுக்குவழியைத் தயாரிப்பாளர்களே வைத்திருக்கிறார்கள்: கமாண்டோடு சேர்த்துத் தட்டும் ‘ஃபிளாக்’ என்ற கூடுதல் சொல். கிளாட் கோடில் ‘டேஞ்சரஸ்லி ஸ்கிப் பர்மிஷன்ஸ்’, கோடெக்ஸில் ‘டேஞ்சரஸ்லி பைபாஸ் அப்ரூவல்ஸ் அண்ட் சாண்ட்பாக்ஸ்’, ஜெமினியில் ‘யோலோ’. இதே வகைக் கருவியான அமேசான் கியூவில் ‘ட்ரஸ்ட் ஆல் டூல்ஸ்’. சிலவற்றின் பெயரிலேயே ‘ஆபத்து’ என்று எழுதி வைத்தும் ஆள் தயங்குவதில்லை! உங்களுக்கு அதில் ஒரு லாபம் உண்டு: ‘டேஞ்சரஸ்லி’, ‘பைபாஸ்’, ‘யோலோ’, ‘ட்ரஸ்ட் ஆல்’ என்ற துண்டுகளை லாக்கில் (கணினியில் நடந்தவற்றின் பதிவில்) தேடினாலே பெரும்பாலானவை சிக்கிவிடும். ஜெமினியில் யோலோவுக்கு ஒற்றை ‘ஒய்’ என்று சுருக்கமும் இருப்பதால் அதற்குத் தனி விதி எழுதுங்கள்.

தேடுவதற்கு லாக் இருக்க வேண்டுமே? விண்டோஸில் அதற்கான ஆடிட் பாலிசியை இயக்கினால், ப்ராசஸ் (ஓடும் நிரல்) தொடங்குவதை 4688 என்ற ஈவென்ட் பதியும்; ஆனால் முழுக் கமாண்டையும் சேர்த்துப் பதிய குரூப் பாலிசியில் தனியாக ஒரு அமைப்பை இயக்க வேண்டும், இயல்பில் அது அணைந்தே இருக்கும். மைக்ரோசாஃப்டின் சிஸ்மான் என்ற கண்காணிப்புக் கருவி இருந்தால் அதன் ஈவென்ட் 1 போதும். மேக்கில் உங்கள் ஈடிஆர் மென்பொருளை (கணினிகளில் நடப்பதைக் கண்காணித்துத் தாக்குதலைப் பிடிப்பது) நம்புங்கள். ப்ராசஸின் பெயரை மட்டும் வைத்து விதி எழுதினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வழியாக நிறுவியவற்றில் சில, அவற்றை ஓட்டும் நிரலின் பெயரில் வெறும் ‘நோட்’ என்றே தெரியும். டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) ஓட்டுபவர் விண்டோஸ் லாக்கில் தெரியவே மாட்டார். மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் ஃபார் எண்ட்பாயிண்ட் வைத்திருந்தால், டபிள்யூஎஸ்எல்லுக்கென்று இருக்கும் அதன் பிளகினைப் போடுங்கள்.

ஃபிளாக் கிடைத்ததோடு நிறுத்திவிடாமல், அந்த ப்ராசஸைக் கிளப்பியது யார் என்று பாருங்கள். 2025 ஆகஸ்ட் 26 அன்று என்எக்ஸ் என்ற பிரபலமான என்பிஎம் பேக்கேஜின் நச்சுப் பதிப்புகள் வெளியாயின. நிறுவி முடித்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று அதில் இருந்தது. அது லேப்டாப்பில் கிளாட், ஜெமினி, அமேசான் கியூ இருக்கின்றனவா என்று பார்த்து, மேலே சொன்ன அதே ஃபிளாக்குகளுடன் அவற்றைக் கிளப்பி, “வாலட் (கிரிப்டோ பணப்பை), எஸ்எஸ்எச் சாவி (சர்வருக்குள் நுழையும் சாவி), என்வ் ஃபைல் (பாஸ்வேர்டுகள் இருக்கும் ஃபைல்) எல்லாம் எங்கே இருக்கின்றன, தேடிப் பட்டியல் போடு” என்ற வகையில் ஒரு ப்ராம்ப்டையும் (ஏஐ-க்கான கட்டளையையும்) கொடுத்தது. திருடியதை, பாதிக்கப்பட்டவரின் கிட்ஹப் கணக்கிலேயே யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போ (கோட் சேமிப்பிடம்) ஒன்றை உருவாக்கி ஏற்றியது. விண்டோஸ் என்றால் ஒன்றும் செய்யாமல் விலகிவிட்டது. ஆகவே உங்கள் மேக்குகளை முதலில் கவனியுங்கள்.

மனிதர் ஓட்டும்போது டெர்மினல், அதன் கீழ் ஷெல் (கமாண்டை ஏற்று ஓட்டும் நிரல்), அதன் கீழ் கிளாட் என்று, எது எதைக் கிளப்பியது என்ற வரிசை இருக்கும். அந்தத் தாக்குதலில் என்பிஎம் இன்ஸ்டாலுக்குக் கீழே நோட், அதன் கீழே கிளாட். எடிட்டர் எக்ஸ்டென்ஷன்களும் நோட் வழியாக இவற்றைக் கிளப்பும் என்பதால், வெறும் நோட்டைப் பார்த்து அலறினால் உங்கள் இன்பாக்ஸ் நிரம்பிவிடும். பேக்கேஜ் நிறுவலின் கீழ், அனுமதி நீக்கும் ஃபிளாக், ப்ராம்ப்ட் கமாண்டிலேயே இருப்பது – மூன்றும் சேர்ந்தால் நடு இரவானாலும் எழுப்பச் சொல்லுங்கள்.

கமாண்டில் எதுவுமே தெரியாத வழிகளும் உண்டு. ஜெமினியில் உள்ளே போனபின் கண்ட்ரோல்-ஒய் அழுத்தினால் யோலோ இயங்கும். கிளாட் கோடின் செட்டிங்ஸ் ஃபைலில் இயல்பு மோடையே ‘பைபாஸ் பர்மிஷன்ஸ்’ என்று எழுதிவிடலாம்; கோடெக்ஸின் கான்ஃபிக்கில் அப்ரூவல் பாலிசியை ‘நெவர்’ ஆக்கலாம். அந்த ஃபைல்கள் மாறுகின்றனவா என்று கண்காணியுங்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் செட்டிங்ஸையும் விடாதீர்கள், அது கிட் வழியாக இன்னொருவர் லேப்டாப்புக்குப் போய்ச் சேரும்.

எல்லாரையும் குற்றவாளியாக்காதீர்கள். இணைய வசதி கட்டுப்படுத்தப்பட்ட கன்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த தனிச் சூழலுக்குள்), உண்மையான சாவிகள் எதுவும் இல்லாத இடத்தில், அனுமதி கேட்காமல் ஓட்டுவது நியாயமான வேலைமுறை. அதே ஃபிளாக், கிளவுட் சாவிகளும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் கிடக்கும் ஹோம் டைரக்டரியில் ஓடினால் அது வேறு கதை. விதியில் இடத்தையும் சேருங்கள்.

கிளாட் கோடைப் பொறுத்தவரை, பிடிப்பதைவிடத் தடுப்பது சுலபம். நிர்வாகி வைக்கும் மேனேஜ்டு செட்டிங்ஸ் ஃபைலில் பைபாஸ் மோடையே முடக்கிவிடலாம். பயனரின் செட்டிங்ஸால் அதை மீற முடியாது. கண்காணிப்பை இயக்கும் முன் டெவலப்பர்களிடம் எதைப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் சொந்த லேப்டாப்புக்கு மாறிவிடுவார்கள், அங்கே உங்களுக்கு லாக்கே கிடையாது.

முதல் அலர்ட் வந்ததும் ஆளைக் கூப்பிடுவதற்கு முன், அவருடைய ஹோம் டைரக்டரியில் கிளாட் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ப்ராஜெக்ட்ஸ்’ ஃபோல்டரை நகலெடுங்கள். உரையாடல் பதிவுகள் அங்கேதான் இருக்கும்; அமைப்பை மாற்றாவிட்டால் 30 நாளில் அழிந்துவிடும். கிளப்பியது என்பிஎம் என்றால் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த லேப்டாப்பில் இருந்த எல்லா டோக்கன்களையும் சாவிகளையும் உடனே ரத்து செய்யுங்கள். கிளப்பியது அவரேதான் என்றால், எந்த வேலைக்கு அந்த ஃபிளாக் தேவைப்பட்டது என்று கேட்டு, அதற்கு ஒரு கன்டெய்னர் அமைத்துக் கொடுங்கள்.